சும்மா இருந்தால் வெல்லும் விளையாட்டு

அந்த முடிதிருத்தகத்தின் உரிமையாளரை அத்தெருவில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மில்லிமீட்டர் என்றே அழைத்தனர். "ஒரு மில்லிமீட்டர்தான் எடுப்பேன், பயப்படாதீங்க" என்று தம் நாற்காலியில் அமரும் ஒவ்வொரு தலைக்கும் அவர் அளித்துவந்த வாக்குறுதியே அப்பெயருக்கு மூலம். சொன்ன சொல் தவறாதவர் எனப் புகழ்பெற்ற அவர் வாழ்வில் ஒரே ஒரு முறை அந்த மில்லிமீட்டர் இடம் மாறிற்று. முடியில் எடுக்க வேண்டியதைக் காதில் எடுத்துவிட்டார். அதுவும் உடன்பிறந்த தங்கையின் ஒரே மகள் காதில்.

அச்சிறுமியைக் குடும்பத்தார் வாலு என்று அழைத்தனர். அவள் தலை கழுத்தின் மேல் நிலைகொண்டதாக யாரும் கண்டதில்லை. தெருவில் லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஓசை கேட்டு அவள் திரும்பினாள். கத்தரி தன் வழியே சென்றுகொண்டிருந்தது. காது அதன் எதிரே வந்தது. நடந்தது அவ்வளவே. வாலு அழவில்லை. காதில் ஒட்டிய பிளாஸ்திரியைப் போர்க்களத்து விழுப்புண் போலப் பள்ளி முழுதும் காட்டித் திரிந்தாள். அவள் அன்னை பொறுக்கவில்லை. மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிபவள். பிளந்த வயிறும் முறிந்த எலும்பும் கண்டு கண் கலங்காதவள். ஆனால் தன் மகள் காதில் அரும்பிய ஒரு துளிக் குருதி அவள் நெஞ்சைக் கல்லாக்கிற்று.

அன்று தொட்டு அவள் அண்ணனோடு நேர்நின்று பேசுவதை ஒழித்தாள். வருவதை ஒழிக்கவில்லை. விடுமுறை நாள்தோறும் வருவாள், உடன் அமர்ந்து உண்பாள், உரைக்க வேண்டியதை அண்ணியிடம் உரைப்பாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரு என் தட்டுக்குக் குறுக்க கை நீட்டறாரு. தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேக்கச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லு," என்பார் மில்லிமீட்டர், மனைவியை நோக்கி.

இருவருக்கும் இடையே ஒரு முழம் தொலைவுதான் இருக்கும். மனைவியோ தையற்காரி, கடையின் பின்பாதியில் தையல் எந்திரம் போட்டுப் பிழைப்பவள். துணியின் இரு ஓரங்களை இணைப்பது அவளுக்குக் கைவந்த கலை. இவ்விருவரை இணைக்க மட்டும் எந்த நூலும் போதவில்லை. அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டால், தங்கை குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துப் பேசுவாள். "சிலரு கதவ ஒழுங்கா மூடறதே இல்ல." பெட்டி உறுமும். மில்லிமீட்டர் எழுந்து கதவை அழுத்தி மூடுவார்.

தங்கையின் சொல்லைத் தங்கையின் வாயால் கேட்க வேண்டும். அதற்கு வாலுவின் தலை மீண்டும் தம் நாற்காலிக்கு வந்து, ஒரு கீறலுமின்றித் திரும்பிச் செல்ல வேண்டும். வேறு மன்னிப்பு எதுவும் அவளிடம் செல்லாது என்பதை அவர் அறிவார். ஆதலின் அவர் சிந்தனை முழுவதும் ஒன்றிலேயே நிலைத்தது: தலை ஏன் திரும்புகிறது? கண்ணாடியில் காண்பதற்குத் தன் முகமன்றி வேறில்லை. தன் முகம் சிறுபிள்ளைக்கு எவ்வளவு நேரம் சுவைக்கும்?

முடிவெட்டும் மெஷினுக்கு மின்கம்பி வாங்கச் சென்ற உதிரிபாகக் கடையில் அவருக்கு விடை கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரம். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு எல்இடி விளக்குகள். கடைக்காரர் மின்னிணைப்புக் கொடுத்ததும் ஒற்றைச் செம்புள்ளி அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் ஓடிற்று. மில்லிமீட்டர் திறந்த சன்னிதி முன் நின்றவர் போல நின்றார்.

"இத வச்சு வீடியோ கேம் பண்ணலாமா?"

"பண்ணலாம். ஆனா உங்களுக்கு எதுக்கு?"

"ஒரு தல ஆடாம இருக்கணும்."

கடைக்காரர் சதுரத்தையும், அதை ஆட்டுவிக்கும் ஒரு சிறு பலகையையும், கம்பிகளையும், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கோலையும் ஒரு பையிலிட்டுக் கொடுத்தார்.

வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் பணி நடந்தது. சீப்பும் கத்தரியும் இருந்த பலகையில் ஈயமும் கம்பியும் இடம்பிடித்தன. கைப்பேசியில் யாரோ ஒருவர் நிரல் எழுதக் கற்றுத்தரும் காணொளி ஓடும். மில்லிமீட்டர் அதை நிறுத்தியும் ஓட்டியும், பாடம் கேட்கும் மாணாக்கன் போல் உதடசைத்து மனனம் செய்வார். ஒருநாள் வங்கிக் காசாளருக்குக் கிருதா ஒதுக்க வேண்டி, எண்ணம் எங்கோ இருக்க, கை கத்தியை நாடிப் பலகையைத் துழாவிற்று.

"என்னங்க," என்றாள் மனைவி தையலை நிறுத்தாமலே, "கையில இருக்கறது கத்தி இல்ல. அது புகையுது."

காசாளர் கண்ணயர்ந்திருந்ததால் அந்தச் செய்தி அவரை அடையவில்லை.

விளையாட்டு உருப்பெற்றது. மேலிருந்து கற்கள் விழும், கீழே ஒரு புள்ளி, அது நீங்கள். நாற்காலியின் இரு கைப்பிடிகளிலும் பதித்த பொத்தான்களை அழுத்தி, இடமும் வலமும் நகர்ந்து கல்லுக்குத் தப்ப வேண்டும். சதுரத்தைக் கண்ணாடியின் நடுவே ஒட்டிவிட்டு, முதல் ஆட்டத்திற்கு மனைவியை அமர்த்தினார். அவள் இடப்பொத்தானை அழுத்தினாள். புள்ளி வலப்பக்கம் பாய்ந்து கல்லடி பட்டு மாய்ந்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் மாய்ந்தது.

"என்னங்க இது, நான் ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போவுது?"

"எனக்குச் சரியாத்தானே வந்துச்சு."

"நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

அவர் காட்டினார். சதுரத்தைப் பின்சுவர் அலமாரியில் வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடிக்குள் அதன் பிம்பத்தைப் பார்த்தே முழு விளையாட்டையும் அமைத்திருந்தார். தலைமுடியையும், தெருவையும், வாயிலில் வருவோரையும் கண்ணாடிக்குள்ளேயே கண்டு பழகிய கண்களுக்கு அதுவே உலகின் நேர்முகம். அதில் இடம் எது, வலம் எது என்ற ஐயமே எழவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு என்னையாவது நேர்ல பாத்தீங்களா, இல்ல கண்ணாடியிலதானா?" என்றாள் அவள்.

கம்பிகளை இடம் மாற்றிச் சால்டர் செய்ததும் அக்குறை நீங்கிற்று. மறுநாள் முதல் வாடிக்கையாளர் விளையாடினர். அப்போதுதான் பெரிய குறை வெளிப்பட்டது.

எவரும் விரலால் மட்டும் விளையாடவில்லை. புள்ளி இடப்புறம் போக, காசாளர் தலையும் இடப்புறம் சாய்ந்தது. பேருந்து ஓட்டுநரோ இடுப்போடு வளைந்தார். கல் நெருங்கும்போது இல்லாத பிரேக்கைக் காலால் ஓங்கி மிதித்தார். வயது முதிர்ந்த வழக்கறிஞர் ஒருவர், நீதிமன்றத்தில் எவருக்கும் தலை வணங்காதவர் என்று பெயர் பெற்றவர், ஒற்றைச் செம்புள்ளிக்காக நாற்காலியில் ஏறக்குறையப் படுத்தேவிட்டார். தலையை அசைவற்று நிறுத்துவதற்கென்று படைத்த பொருள், கல்லாய்ச் சமைந்திருந்த தலைகளையும் கதிர் போல ஆடச்செய்தது. அந்த வாரம் அத்தெருவில் நடந்த ஆடவர் பலருக்கும் ஒரு கிருதா மேலும் ஒரு கிருதா கீழுமாக இருந்தது. அதைப் புது நாகரிகம் என்று கருதி, ஒரு கல்லூரி மாணவன் தனக்கும் அவ்வாறே வேண்டும் என்று கேட்டு வந்தான்.

"இதுல வாலு உக்காந்தா," என்றார் மில்லிமீட்டர் தளர்ந்த குரலில், "காது ரெண்டுமே போயிடும்."

மனைவி ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "உங்க விளையாட்டு கையில இல்லங்க. கழுத்துல இருக்கு."

அச்சொல் அவர் உள்ளத்தில் விளக்கேற்றிற்று. கழுத்தே ஆடுகிறது எனில், கழுத்தையே பொத்தான் ஆக்கினால் என்ன? மீண்டும் உதிரிபாகக் கடைக்கு ஓடினார். சாய்வை உணரும் ஒரு சிறு குழல் அங்கு இருந்தது. உள்ளே ஓர் உலோகக் குண்டு. சாய்த்தால் குண்டு உருண்டு இணைப்பு அறுந்துவிடும். அதனைக் கூந்தல் கிளிப் ஒன்றில் ஒட்டி, உச்சந்தலையில் செருகும்படி செய்தார். மெல்லிய கம்பியை முதுகுப்புறமாகக் கீழிறக்கிப் போர்வைத்துணியின் மடிப்புக்குள் மனைவி தைத்துக்கொடுத்தாள்.

புதிய விளையாட்டில் கற்கள் இல்லை. சதுரத்தின் நடுவே ஒரு கிளை. கிளைமேல் ஒரு பறவை. கீழே பூனை உலவும். தலை அசையாதிருக்கும் வரை மேலே வானத்தில் விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பூக்கும். தலை சற்று நடுங்கினால் பறவை மினுங்கி எச்சரிக்கும். சாய்ந்தால் பறவை விழும், பூனை பாயும், வானம் முழுதும் இருளும்.

"இதுல எது பறவ?" என்றார் காசாளர்.

"அந்த ஒத்தப் புள்ளி."

"பூன?"

"ரெட்டப் புள்ளி."

"இத நம்பறதுக்கு நான் சின்னப் புள்ளையா இருக்கணும்," என்றார் காசாளர். ஆயினும் பறவை விழுந்தபோது அவரே "அய்யோ பாவம்" என்றார்.

"அப்ப என்ன பண்ணினா ஜெயிக்கலாம்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா இருக்கணும்."

"சும்மா இருந்தா ஜெயிக்கிற விளையாட்டா? அப்ப வீட்ல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல."

ஆனால் சும்மா இருத்தல் எத்துணை அரிது என்பதை, காட்டில் கண்மூடி அமர்ந்தவர்களுக்குப் பின், அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களே முழுதுணர்ந்தனர். ஓட்டுநர் தும்மித் தோற்றார். வழக்கறிஞர், "நான் அசையவில்லை" என்று வாதிடும்போது தலையசைத்துத் தோற்றார். காசாளர் அரைவானம் வரை ஒளியேற்றி, அந்த அமைதியிலேயே உறங்கி, தலை கவிழ்ந்து தோற்றார். வானம் முழுதும் பூத்ததை எவரும் கண்டிலர். ஆயினும் தோற்கும் வரை ஒவ்வொரு தலையும் சிலை போல் நின்றது. கிருதாக்கள் சமநிலை எய்தின.

இதற்கிடையே வாலுவின் முன்முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. அடுத்த வீதியில் இருந்த பெரிய அழகு நிலையத்துக்கு அவளை அழைத்துச் சென்ற தங்கை, போன வேகத்தில் திரும்பினாள். குழந்தை வளர்ந்தபின் அழைத்து வாருங்கள் என்று அங்கே பணிவோடு சொல்லிவிட்டார்கள். இச்செய்தி அண்ணியின் காதுக்கு எட்ட, அண்ணி விளையாட்டைப் பற்றி எடுத்துரைக்க, அருகிலிருந்து கேட்ட வாலு "இப்பவே போலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, கடை திறக்கும் முன்னரே நால்வரும் உள்ளே இருந்தனர். தங்கை பெஞ்சியில் அமர்ந்து, கைப்பையை மடிமேல் வைத்து, அண்ணியிடம் பேசினாள். குரல் மட்டும் நாற்காலி வரை கேட்கும் அளவில் இருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு இந்தக் கடையில ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தேன்னா, இந்த வாசப்படிய மட்டும் இல்ல, உங்க வீட்டு வாசப்படியையும் மிதிக்க மாட்டேன். அவருகிட்ட சொல்லிடுங்க."

"அவருக்குக் கேட்டுச்சு," என்றாள் அண்ணி.

"நீங்க சொல்லுங்க."

"ரத்தம் வரக் கூடாதாம்ங்க."

"சரின்னு சொல்லு," என்றார் மில்லிமீட்டர். கத்தரியைத் துடைத்தார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார். பிறகு வாலுவின் போர்வைத்துணியைச் சரிசெய்தார்.

வாலு உச்சியில் கிளிப்போடு, இளவரசி போல் வீற்றிருந்தாள்.

"மாமா, பூன பறவையப் புடிச்சா என்ன பண்ணும்?"

"தின்னுடும்."

"அப்போ நான் ஆட மாட்டேன்."

ஆட்டம் தொடங்கியது. பறவை கிளைமேல் நின்றது. முதல் விண்மீன் பூத்தது. வாலு நிமிர்ந்தாள், அவள் உடம்பில் அன்றுவரை தென்படாத ஓர் அடக்கம் குடிபுகுந்தது. பின்முடி முடிந்தது. இடக்காது கடந்தது. வெட்டுப்பட்ட வலக்காதை நெருங்கியபோது தங்கை பெஞ்சியிலிருந்து பாதி எழுந்தாள். கத்தரி அக்காதைச் சுற்றி, கருவறையை வலம்வரும் அடியவர் போல் அடக்கத்தோடு சென்று மீண்டது. அவள் பாதி அமர்ந்தாள். வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்தது. வாலு திரும்பவில்லை. தெருவில் இருவர் வாய்ச்சண்டையிட்டனர். வாலு திரும்பவில்லை. வானத்தில் விண்மீன்கள் பெருகின.

எஞ்சியது நெற்றிமுடி. மில்லிமீட்டர் இடக்கை விரல்களால் முடியைப் பிடித்து, பாதி தூரம் வெட்டியிருந்தார். அப்போது கண்ணாடியைப் பார்த்தார். வானத்தில் ஒரே ஓர் இடம் இருளாய் இருந்தது. எந்தத் தலையும் ஏற்றாத கடைசி விண்மீன். அந்த நேரத்தில் வெட்டிய முடியொன்று வாலுவின் மூக்கு நுனியில் விழுந்தது. மூக்கு சுருங்கிற்று. பறவை மினுங்கிற்று. பூனை கிளையடியில் வந்து நின்றது.

வாலு ஆடவில்லை. மில்லிமீட்டர் ஆடினார்.

விழப்போகும் பறவையைத் தாங்குபவர் போல, அவர் தலையும் தோளும் வலப்புறம் முழுதாய்ச் சாய்ந்தன. கத்தரியும் உடன் சாய்ந்தது. வெள்ளைப் போர்வைத்துணியின்மேல் ஒரு செந்துளி விழுந்தது, அதனருகே இன்னொன்று.

தங்கை பாய்ந்து வந்தாள். கைப்பை ஒருபுறம் பறந்தது. வலக்காதைப் பற்றினாள், முழுதாய் இருந்தது. இடக்காதைப் பற்றினாள், அதுவும் முழுதாய் இருந்தது. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் பழுதின்றி இருந்தன.

"அம்மா, ஆட்டாத," என்றாள் வாலு, உதட்டை மட்டும் அசைத்து. "நட்சத்திரம் போயிடும்."

அப்போதுதான் தங்கை நிமிர்ந்து பார்த்தாள். மில்லிமீட்டர் இடக்கை விரலை வலக்கையால் பொத்திக்கொண்டு, தண்டனை கேட்டு நிற்பவர் போல் நின்றார். விரலிடுக்கில் குருதி வழிந்தது.

"கைய நீட்டு," என்றாள் தங்கை.

அவர் நீட்டவில்லை. தம்மிடம்தான் சொல்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கைய நீட்டுன்னு சொல்றேன்ல அண்ணா. அங்க என்ன பாக்கற? மேல தூக்கு. இன்னும் மேல. நெஞ்சுக்கு மேல புடி. அண்ணி, அந்தப் பையில பஞ்சு இருக்கு, எடுங்க." விரலைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லவேள, ஆழம் இல்ல. தையல் போடற அளவுக்கு இல்ல. உனக்கு எத்தன வயசாச்சு? புள்ள ஆடாம உக்காந்திருக்கு, நீ ஆடற. கத்திரிய வச்சுக்கிட்டு ஆடலாமா?"

"பறவ விழப் பாத்துச்சு, அதான்னு சொல்லு," என்றார் மில்லிமீட்டர் மனைவியிடம்.

"அவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? நான்தான் உன் முன்னாடி நிக்கறேனே. என்கிட்ட சொல்லு."

மாதக்கணக்கில் மனைவி வழியே சுற்றிப் போன சொல்லுக்கு நேர்வழி மறந்திருந்தது. பிறகு மெல்ல, "வலிக்குது" என்றார்.

"வலிக்கத்தான் செய்யும்." பஞ்சை வைத்து அழுத்தி, மருத்துவமனைக் கட்டுப் போல அழகாய்ச் சுற்றினாள். கட்டும்போது கை மென்மையாயும் வாய் கடுமையாயும் இருந்தன.

"ஒரு சொட்டு ரத்தம் பாத்தா வாசப்படி மிதிக்க மாட்டேன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு," என்றாள் அண்ணி.

"நான் என் பொண்ணோட ரத்தத்தச் சொன்னேன் அண்ணி. இவரு ரத்தத்த யாரு கேட்டா?"

"மாமா!" என்று வாலு கூவினாள்.

மூவரும் திரும்பினர். கடைசி விண்மீன் பூத்துவிட்டது. கிளைக்கு மேல் வானம் முழுதும் செவ்வொளியாய் நிறைந்து, கண்ணாடியெங்கும் பரவி, நால்வர் முகத்திலும் படிந்திருந்தது. பறவை கிளைமேல் இருந்தது. பூனை அண்ணாந்து நின்றுவிட்டது.

"ஜெயிச்சுட்டேன். இப்ப என்ன ஆகும்?"

மில்லிமீட்டர் தலையைச் சொறிந்தார். எவரும் அவ்விடம் எய்துவர் என்று அவர் எண்ணியதே இல்லை. ஆதலின் வென்றபின் நிகழ வேண்டியதை எழுதவுமில்லை.

"ஒண்ணும் ஆகாது. இப்படியே இருக்கும்."

வாலு சற்று நேரம் அவ்வானத்தை ஆராய்ந்தாள். "பரவால்ல," என்று முடிவு கூறினாள். பிறகுதான் தன் முகத்தைக் கவனித்தாள். நெற்றிமுடி ஒரு பாதி புருவத்துக்கு மேலும், மறுபாதி மூக்குவரையும் தொங்கிற்று.

"மாமா, ஒரு கண்ணுதான் தெரியுது."

"நீ வெட்ட முடியாது," என்றாள் தங்கை அண்ணனிடம். "விரல மடக்காத. கத்திரிய என்கிட்ட குடு. எங்க வெட்டணும்னு சொல்லு."

"கத்திரிய அப்படிப் புடிக்கக் கூடாது."

"நான் ஆஸ்பத்திரியில தெனமும் புடிக்கறேன்."

"அது கட்டு வெட்டற கத்திரி. இது வேற. மணிக்கட்டத் தளர்த்து. ஐயோ, அவ்ளோ இல்ல."

"நீ முதல்ல தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கற."

"சீப்ப வச்சு வெட்டு. சீப்பு இல்லாம யாரு வெட்டுவா? உனக்கு நான் எத்தன வருஷம் தல வாரி விட்டிருக்கேன், பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"அந்த ரெட்டச் சடையில ஒண்ணு எப்பவும் கோணலாத்தான் இருக்கும். அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சும்மா இருந்தேன்."

"கோணலா? என் சடையா?"

"பின்ன, எதுத்த வீட்டுச் சடையா?"

மில்லிமீட்டர் கட்டிய விரலை உயர்த்தியபடியே மறுத்தார். தங்கை கத்தரியோடு திரும்பி மறுத்தாள். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்கினர். இருவர் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிற்று. நடுவில் அமர்ந்த வாலு, யார் பேசினாலும் அவர் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இருவருக்கும் நெடுநாள் தூது நடந்து களைத்த அண்ணி ஒருகணம் நின்று கேட்டாள். எவரும் அவளிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அவள் பின்பாதிக்குச் சென்று, எந்திரத்தின் முன் அமர்ந்து, ஒரு சட்டைக் கையை ஊசியின் கீழ் இட்டாள்.

"கொஞ்சம் மெதுவா சண்ட போடுங்க," என்றாள். "தையல் கோணுது."